கட்ஃபைல் கதைகள் ஏன் இன்னும் அலுக்கவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லிஸ் பீட்டர்ஸ் எழுதிய சகோதரர் கட்ஃபைல் துப்பறியும் வரிசையை நான் பல வருடங்களாகத் திரும்பத் திரும்பப் படித்துவருகிறேன். யாருக்காவது புத்தகத்தை இரவல் கொடுத்தால் கேள்விகளும் கூடவே வரும். அப்படி வந்தவற்றுக்கான பதில்கள் இவை. கொலைகாரன் யார் என்பதை எங்கேயும் சொல்லவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

இது என்ன கதை? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் ஷ்ரூஸ்பரி என்று ஒரு ஊர். செவர்ன் ஆறு அந்த ஊரைக் கிட்டத்தட்ட முழுதாக வளைத்துக்கொண்டு ஓடுகிறது. கிழக்கே பாலத்தைத் தாண்டினால் ஆசீர்வாதப்பர் (புனித பெனடிக்ட்) சபைத் துறவிகளின் மடம். அங்கே மூலிகைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற, வேல்ஸ் நாட்டில் பிறந்த, 60ஐ நெருங்கும் துறவிதான் கட்ஃபைல். ஊரிலோ மடத்திலோ சாவு விழுகிறது. அது எப்படி நடந்தது என்று அவர் கண்டுபிடிக்கிறார். 1977 முதல் 1994 வரை 20 நாவல்கள் வந்தன. மூன்று சிறுகதைகள் கொண்ட ஒரு தொகுப்பும் உண்டு.

பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்?

வேல்ஸ் மொழியில் ஒற்றை எஃப் எழுத்துக்கு 'வ' ஒலி. அதனால் 'கட்வைல்' என்பதே சரிக்குப் பக்கம். ஆனால் ஆங்கிலத்தில் படிப்பவர்கள் பெரும்பாலும் 'கட்ஃபைல்' என்றே சொல்கிறார்கள். எனக்கும் அதுவே பழகிவிட்டது.

மடத்துக்குள் அடைந்து கிடக்கும் துறவிக்குக் கொலையைப் பற்றி என்ன தெரியும்?

அவர் சிறுவயதிலேயே மடத்தில் சேர்ந்தவர் இல்லை. முதல் சிலுவைப்போருக்குப் போனவர். அந்தியோக்கியா, எருசலேம் எல்லாம் பார்த்தவர். கப்பலில் வேலை செய்தவர். பெண்களை நேசித்தவர், அதற்காக வெட்கப்படாதவர். நடுத்தர வயதில், இனி போதும் என்று அவராகவே வந்து துறவு பூண்டார். எந்தக் காயம் வாளால் பட்டது, எது கத்தியால் பட்டது என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிந்த மனிதர்.

அப்புறம், வைத்தியர் என்பதால் மடத்துச் சுவரைத் தாண்ட அவருக்குக் காரணம் கிடைக்கும். ஊரில் யாருக்காவது இருமல், யாருக்காவது பிரசவத்துக்குப் பின் காய்ச்சல் என்றால் அவர்தான் போக வேண்டும். இன்னொன்றும் உண்டு. தோட்டத்து ஓரத்தில் அவருக்கு ஒரு மரக்குடில் இருக்கிறது. கூரையிலிருந்து காய்ந்த மூலிகைக் கொத்துகள் தொங்கும். கணப்பில் ஏதோ மெல்லக் கொதித்துக்கொண்டிருக்கும். மருந்து வாங்க வருகிறவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிடுவார்கள். பாதித் துப்பு அந்தப் பெஞ்சில்தான் கிடைக்கிறது. விசாரணை அறையில் வாயைத் திறக்காதவன், அடுப்பில் கஷாயம் கொதிக்கும்போது பேசிவிடுகிறான்.

ராஜா ராணிச் சண்டை வருகிறதே, அதைப் புரிந்துகொள்ள வரலாறு படித்திருக்க வேண்டுமா?

வேண்டாம். இவ்வளவு தெரிந்தால் போதும். முதலாம் ஹென்றி மன்னனின் ஒரே முறைப்படியான மகன் 1120இல் கப்பல் மூழ்கி இறந்துபோனான். மகள் மட்டில்டாதான் வாரிசு என்று பிரபுக்களிடம் சத்தியம் வாங்கியிருந்தார் மன்னர். 1135இல் அவர் இறந்ததும் சகோதரி மகன் ஸ்டீபன் முந்திக்கொண்டு முடிசூட்டிக்கொண்டான். மட்டில்டா விடவில்லை. வருடக்கணக்காக உள்நாட்டுப் போர். கிறிஸ்துவும் புனிதர்களும் உறங்கிவிட்டார்கள் என்று மக்கள் புலம்பியதாகப் பீட்டர்பரோ மடத்தின் நாளாகமத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நாவல்களில் மட்டில்டாவின் பெயர் 'மாட்' என்று வரும். இரண்டும் ஒரே ஆள்தான்.

சரி, 20 புத்தகம் படித்தும் சலிக்காத அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்ற பதில்களையே எழுதினேன் என்று சொல்லலாம்.

நீண்ட துப்பறியும் வரிசைகளில் பெரும்பாலும் காலம் நின்றுவிடும். துப்பறிவாளருக்கு வயதாகாது. போன புத்தகத்தில் நடந்த கொலை இந்தப் புத்தகத்தில் யாருக்கும் நினைவிருக்காது. கட்ஃபைல் வரிசையில் அப்படி இல்லை. 20 நாவல்களும் 1137இலிருந்து 1145 வரையிலான சுமார் எட்டே வருடங்களுக்குள் நடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வருடம் உண்டு, மாதம் உண்டு, அந்த மாதத்தில் தோட்டத்தில் என்ன வேலை என்பதும் உண்டு.

ஒரு உதாரணம் சொல்கிறேன். இரண்டாவது நாவல் 'ஒன் கார்ப்ஸ் டூ மெனி'. 1138 கோடைக்காலம். ஸ்டீபன் மன்னன் ஷ்ரூஸ்பரிக் கோட்டையை முற்றுகையிட்டுப் பிடித்து, எதிர்த்து நின்ற வீரர்களைத் தூக்கிலிடுகிறான். முற்றுகையும் தூக்கும் வரலாற்றில் உண்மையாக நடந்தவை. நாவலில் தூக்கிலிடப்பட்டவர்கள் 94 பேர். அந்த உடல்களைக் கழுவிக் கிடத்தி நல்லடக்கத்துக்குத் தயார் செய்ய மடத்திலிருந்து கட்ஃபைல் போகிறார். எண்ணிப் பார்க்கிறார். 95 இருக்கிறது. மறுபடி எண்ணுகிறார். அதே 95. ஒரு உடலின் கழுத்தில் மட்டும் தூக்குக் கயிற்றின் தடம் இல்லை. பின்னாலிருந்து மெல்லிய கயிறு போட்டு இறுக்கிய கோடு. அரசன் செய்த கொலைகளின் குவியலுக்குள் யாரோ தன் கொலையை ஒளித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். 94 பேர் செத்துக் கிடக்கும் இடத்தில் இந்த ஒருவனைப் பற்றி என்ன கவலை என்று கேட்பவர்களுக்குக் கட்ஃபைல் விட்டுக்கொடுப்பதில்லை. அந்த ஒருவனுக்காக நியாயம் கேட்கிறார்.

இது அந்தப் புத்தகத்தின் கதை. அடுத்த வருடம் நடக்கும் 'செயின்ட் பீட்டர்ஸ் ஃபேர்' நாவலைத் திறந்தால், முற்றுகையில் இடிந்த மதில் இன்னும் இடிந்தே கிடக்கிறது. அதைச் செப்பனிட மடத்துச் சந்தையின் சுங்கத்தில் பங்கு வேண்டும் என்று ஊர்க்காரர்கள் வந்து நிற்கிறார்கள். கதை அங்கிருந்து தொடங்குகிறது. இன்னொன்று: தூக்கிலிடப்பட்டவர்களுக்கு நடுவே தன் அண்ணனின் உடலை அடையாளம் காட்ட ஆலின் என்ற இளம்பெண் வருகிறாள். அந்த அண்ணன் பெயர் ஜைல்ஸ். சில புத்தகங்களுக்குப் பிறகு அவளுக்கு மகன் பிறக்கிறான். அவனுக்கு வைக்கும் பெயர் ஜைல்ஸ். கட்ஃபைல்தான் அவனுக்கு ஞானத்தந்தை. பிறகு வரும் நாவல்களில் அந்தப் பையன் நடக்கிறான், ஓடுகிறான், கட்ஃபைலின் மடியில் ஏறுகிறான். இதைப் பெரிதாக எடுத்துச் சொல்வதே இல்லை ஆசிரியர். பையன் வளர்ந்திருப்பான், அவ்வளவுதான். தூக்குமேடையில் முடிந்த ஒரு பெயர் வீட்டு முற்றத்தில் ஓடி விளையாடுவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது.

ஆக, மர்மம் ஒவ்வொரு புத்தகத்திலும் முடிகிறது, ஊர் முடிவதில்லை. நாம் திரும்பிப் போவது ஊருக்காக. ஆவணியில் அறுவடை, பனிக்காலத்தில் களஞ்சியத்தில் எவ்வளவு மீதம், புதிதாக வந்த நவசந்நியாசி மருந்துப் பானையைக் கருகவிட்டானா, உடைத்தானா என்று ஒரு பக்கம் ஓடுகிறது. இன்னொரு பக்கம் போர். 1141இல் லிங்கன் போரில் ஸ்டீபனையே சிறைப்பிடித்துவிடுகிறார்கள். அதே வருட முடிவில் கைதி மாற்றத்தில் வெளியே வருகிறான். 1142 டிசம்பரில் மட்டில்டா ஆக்ஸ்ஃபோர்டு கோட்டையிலிருந்து பனியில் தப்பி ஓடுகிறாள். இந்தச் செய்தி எல்லாம் ஷ்ரூஸ்பரிக்கு யாரோ ஒரு வியாபாரி மூலமாகவோ குதிரைவீரன் மூலமாகவோ, சில நாள் தாமதமாக வருகிறது. பெரிய வரலாறு சின்ன ஊருக்கு எப்படி வந்து சேருமோ அப்படி.

உண்மை எவ்வளவு, கற்பனை எவ்வளவு?

மடம் உண்மை. 1083இல் ரோஜர் தி மாண்ட்கோமரி என்ற பிரபு நிறுவியது. முதல் நாவலில், வேல்ஸ் நாட்டின் க்விதரின் கிராமத்திலிருந்து புனித வினிஃப்ரெட்டின் எலும்புகளை ஒரு பேழையில் வைத்து, வணக்கத்துக்குரிய திருப்பண்டமாக மடத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அதுவும் நடந்தது, அந்தப் பயணத்தை முன்னின்று நடத்திய ராபர்ட் என்ற துறவியே அதை எழுதியும் வைத்திருக்கிறார். நாவலில் அவர்தான் உயரமான, தன் பரம்பரையில் பெருமை கொண்ட பிரையர் (மடத்துத் துணைத்தலைவர்) ராபர்ட். அந்தப் பேழைக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்பது மட்டும் கற்பனை. வரிசை முழுவதும் கட்ஃபைல் மனத்தில் சுமக்கிற ரகசியமும் அதுதான்.

'தி பாட்டர்ஸ் ஃபீல்டு' நாவலில் இரண்டு மடங்கள் ஒரு நிலத்தை மாற்றிக்கொள்கின்றன. முதல் முறை ஏர் ஓட்டும்போது கொழு முனையில் நீளமான கருங்கூந்தல் சிக்குகிறது. அப்படிப்பட்ட நிலமாற்றங்கள் பழைய பத்திரங்களில் இருப்பவை, கூந்தல் ஆசிரியர் சேர்த்தது. இப்படித்தான் அவர் வேலை செய்கிறார். பத்திரத்தில் இருக்கும் ஒற்றை வரியை எடுத்து அதன் கீழே தோண்டுகிறார்.

கட்ஃபைலும் அவருடைய நண்பரான ஹியூ பெரிங்கரும் கற்பனை மனிதர்கள். ஹியூ மன்னரின் சார்பில் மாவட்டத்தை நிர்வகிக்கும் ஷெரீப்பின் உதவியாளராக இருந்து, பிறகு ஷெரீப்பாகவே ஆகிறவர்.

மூலிகை பற்றி எழுதியிருப்பதை நம்பலாமா?

நாவலை வைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்காதீர்கள். ஆனால் ஆசிரியருக்கு விஷயம் தெரியும். இளவயதில் அவர் டாலி என்ற ஊரில் மருந்துக்கடையில் உதவியாளராக வேலை பார்த்தவர். எது எவ்வளவு சேர்ந்தால் மருந்து, எவ்வளவு கூடினால் விஷம் என்ற அளவுணர்ச்சி கதை முழுக்க இருக்கிறது.

மூன்றாவது நாவல் 'மங்க்ஸ்-ஹுட்' முழுவதும் அந்தக் கோட்டின் மேல் நிற்கிறது. மங்க்ஸ்-ஹுட் என்பது நம் சித்த மருத்துவர்கள் சுத்தி செய்து பயன்படுத்துகிற நாவியின் பேரினத்தைச் சேர்ந்த செடி. மூட்டுவலிக்கு மேலே தேய்க்க அதிலிருந்து கட்ஃபைல் ஒரு தைலம் காய்ச்சி வைத்திருக்கிறார். நோயில் கிடக்கும் முதிய துறவிகளின் தோளிலும் முதுகிலும் அதைத் தேய்ப்பார்கள். அந்தத் தைலம் யாரோ ஒருவரின் சாப்பாட்டில் கலக்கிறது. செத்துக்கொண்டிருப்பவரின் உதட்டை முகர்ந்து பார்க்கும்போதே கட்ஃபைலுக்குப் புரிந்துவிடுகிறது: இது என் கையால் செய்தது. அந்தக் கனம் கடைசிப் பக்கம் வரை அவரை விட்டு இறங்குவதில்லை. 1980இல் பிரிட்டிஷ் குற்றக்கதை எழுத்தாளர் சங்கத்தின் வெள்ளிக் கத்தி விருது இந்த நாவலுக்குத்தான் கிடைத்தது.

புதினா, சோம்பு, அருவதா, கசகசாச் செடி என்று நமக்குத் தெரிந்த பெயர்களும் அந்தத் தோட்டத்தில் நிறைய வரும். தூக்கத்துக்கும் வலிக்கும் அவர் கொடுப்பது கசகசாச் செடியிலிருந்து எடுத்த பாகு.

குற்றவாளிக்கு எப்போதும் தண்டனை கிடைக்கிறதா?

இல்லை. நான் இந்த வரிசையை மதிக்க அது ஒரு பெரிய காரணம். கட்ஃபைல் உண்மையைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டார். ஆனால் கண்டுபிடித்த உண்மையை யாரிடம் ஒப்படைப்பது என்பதை அவரே யோசித்து முடிவு செய்கிறார். சில நாவல்களில் கொலைகாரன் தூக்குக்குப் போகிறான். சிலவற்றில் தப்பிப் போக விடப்படுகிறான், செய்ததற்குக் காலமெல்லாம் ஈடு செய்ய வேண்டும் என்ற கடனோடு. ஹியூ சட்டத்தின் ஆள். நண்பர் எதையோ மறைக்கிறார் என்று தெரிந்தும் அவர் கேட்காமல் விடுகிற மௌனங்கள் உண்டு. இரண்டு பேரும் ஒரு கோப்பை ஒயினோடு அந்த மௌனத்தில் உட்கார்ந்திருக்கும் பக்கங்களை நான் அடையாளம் வைத்துப் படிப்பேன்.

எல்லைப்புற ஊர் என்பதும் இதற்கு உதவுகிறது. வேல்ஸ் சட்டத்தில் கொலைக்கு உயிர்விலை கொடுத்துக் குடும்பங்கள் சமாதானமாகலாம். தந்தை ஏற்றுக்கொண்டால் மணவுறவுக்கு வெளியே பிறந்த மகனுக்கும் சொத்தில் பங்கு உண்டு. எல்லைக்கு இந்தப்பக்கம் நார்மன் சட்டத்தில் இரண்டும் கிடையாது. நீதி என்பது ஒன்றே ஒன்று இல்லை என்று கட்ஃபைல் பிறப்பிலேயே அறிந்தவர்.

அடைக்கலம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'தி சாங்க்சுவரி ஸ்பேரோ' நள்ளிரவுச் செபத்தில் தொடங்குகிறது. துறவிகள் பாடிக்கொண்டிருக்கும்போது கதவு அடித்துத் திறக்கிறது. ஒல்லியான ஒரு கழைக்கூத்தாடிப் பையன், இரத்தம் ஒழுக ஓடிவந்து பீடத்துத் துணியைப் பிடித்துக்கொள்கிறான். பின்னாலேயே கொலைவெறியோடு ஒரு கும்பல். மடத்துத் தலைவர் குறுக்கே வந்து நிற்கிறார். கோவிலில் அடைக்கலம் புகுந்துவிட்டதால் 40 நாள் அவனைத் தொட முடியாது. கதைக்குக் கிடைத்த கெடு அந்த 40 நாள்.

குறையே இல்லையா?

இருக்கிறது. கிட்டத்தட்ட எல்லாப் புத்தகத்திலும் ஓர் இளம் காதல் ஜோடி வரும். அவர்கள் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். நான்கைந்து படித்தபின் யாரைச் சந்தேகப்பட வேண்டாம் என்று முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும். மர்மத்தின் முடிச்சுக்காக மட்டும் படிப்பவர்களுக்கு இது ஏமாற்றம்தான்.

கட்ஃபைல் அந்தக் காலத்து மனிதரைவிட நம் காலத்து மனிதர் போலப் பேசுகிறார் என்றும் சிலர் சொல்வார்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 12ஆம் நூற்றாண்டில் எல்லோரும் ஒரே மாதிரி நினைத்தார்கள் என்பதும் நம்முடைய கற்பனைதானே? கிழக்கே போய், சிரியா நாட்டு வைத்தியர்களிடம் கற்று, அங்கே ஒரு பெண்ணோடு வாழ்ந்த சிப்பாய்க்கு, எதிரி என்று சொல்லப்பட்டவர்கள்மேல் மரியாதை வந்திருக்காது என்று எப்படிச் சொல்வது?

எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்குவது?

முடிந்தால் முதலிலிருந்து: 'எ மார்பிட் டேஸ்ட் ஃபார் போன்ஸ்'. பேழையின் ரகசியம் தெரியாமல் பின்னால் வரும் சில நாவல்களைப் படித்தால் பாதிச் சுவை போய்விடும். முதல் புத்தகம் பிடிக்கவில்லை என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள், இரண்டாவதைப் பாருங்கள். வரிசை உண்மையில் அங்கேதான் பிறக்கிறது. முதல் நாவலை ஆசிரியர் தனிக் கதையாகத்தான் எழுதினார்; இரண்டாவது வந்தது இரண்டு வருடம் கழித்து, 1979இல்.

என் மனத்துக்கு நெருக்கமானது 'தி ரோஸ் ரென்ட்'. கணவனை இழந்த பெண் ஒருத்தி, அவனோடு வாழ்ந்த வீட்டை மடத்துக்குக் கொடுத்துவிடுகிறாள். வருடத்துக்கு ஒரு வெள்ளை ரோஜா, அந்த வீட்டுச் செடியிலிருந்தே பறித்தது, அதுதான் வாடகை. ஒரு நாள் காலை அந்தச் செடி வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. அதன் அடியில் ஓர் இளந்துறவி இறந்து கிடக்கிறான்.

ஆங்கிலம் கடினமாக இருக்குமோ?

முதல் 20 பக்கம் கொஞ்சம் இழுக்கும். வாக்கியங்கள் நீளம், சில சொற்கள் பழசு. செபநேரங்களின் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். வெஸ்பர்ஸ் என்றால் மாலைப்புகழ், காம்ப்லின் என்றால் படுக்கப்போகும்முன் இரவுச் செபம். அவைதான் அந்த ஊருக்குக் கடிகாரம் என்று வைத்துக்கொண்டால் போதும். செடிகொடிப் பெயர் ஒவ்வொன்றுக்கும் அகராதியைத் திறக்காதீர்கள்.

தொலைக்காட்சித் தொடர் பார்த்தால் போதாதா?

டெரெக் ஜேகபி நடித்தது. 1994 முதல் 1998 வரை 13 பகுதிகள். ஹங்கேரியில் செட் போட்டு எடுத்தார்கள். ஜேகபியின் கண்களுக்காகப் பார்க்கலாம். ஆனால் நாவல்களின் வரிசை அதில் கலைந்துவிட்டது. நான் மேலே சொன்ன காலஓட்டம் அதில் கிடைக்காது.

எழுதியவர் யார்?

எல்லிஸ் பீட்டர்ஸ் புனைபெயர். இயற்பெயர் ஈடித் பார்ஜெட்டர். 1913இல் ஷ்ரூஸ்பரி இருக்கும் அதே ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் பிறந்து, 1995இல் அங்கேயே இறந்தவர். கல்லூரிப் படிப்பு இல்லை. இரண்டாம் உலகப்போரின்போது கடற்படையின் பெண்கள் பிரிவில் பணியாற்றிப் பதக்கம் பெற்றார். செக் மொழி கற்று அந்த நாட்டு இலக்கியத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கட்ஃபைலை எழுதத் தொடங்கும்போது 60ஐத் தாண்டிவிட்டார். அதற்குள் 40 வருட எழுத்து அனுபவம். போரைப் பார்த்தவர் எழுதிய போர் இது என்பது படிக்கும்போதே தெரியும். படை வருகிறது என்ற செய்தி கேட்டதும் அவருடைய மனிதர்கள் முதலில் மாட்டையும் தானியத்தையும் மறைக்க ஓடுகிறார்கள்.

20ஆவது நாவல் வந்த அடுத்த வருடம் அவர் காலமானார். கதையில் 1145 நடந்துகொண்டிருந்தது. வரலாற்றில் அந்தப் போர் ஓய்ந்து உடன்பாடு வந்தது 1153இல். கட்ஃபைலுக்கு அமைதியைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

இப்போது ஷ்ரூஸ்பரிக்குப் போனால் என்ன பார்க்கலாம்?

மடத்துக் கோவில் இருக்கிறது. செம்மணற்கல் கட்டடம், இன்றும் வழிபாடு நடக்கிற பங்குக் கோவில். புனித வினிஃப்ரெட் பேழைமாடத்தின் ஒரு துண்டுக் கல் உள்ளே மிஞ்சியிருக்கிறது. பார்ஜெட்டர் நினைவாக ஆசீர்வாதப்பர் உருவம் கொண்ட வண்ணக் கண்ணாடி ஜன்னலும் வைத்திருக்கிறார்கள். கோவிலுக்கு முன்னால் போகும் தெருவுக்கு, நாவல்களில் வருகிற அதே பெயர்தான்: அபே ஃபோர்கேட்.

எட்டாம் ஹென்றி 1540இல் மடத்தைக் கலைத்துவிட்டார். துறவிகள் தங்கிய கட்டடங்களில் மிஞ்சியவற்றின் நடுவே 19ஆம் நூற்றாண்டில் நெடுஞ்சாலை போட்டார்கள். அந்தச் சாலையின் மறுபக்கத்தில், சுற்றியிருந்த கட்டடம் இல்லாமல், செதுக்கிய கல்மேடை ஒன்று தனியாக நிற்கும். துறவிகள் பேசாமல் சாப்பிடும்போது ஒருவர் ஏறி நின்று மறைநூல் வாசிப்பாரே, அந்த உணவுக்கூடத்து வாசிப்பு மேடை அது.